படத்தைக் கொண்டு அந்துப்பூச்சியின் பெயரைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு படத்தை அனுப்பினால் பூச்சியின் பெயரைச் சொல்லிவிட முடியுமா?

சில பூச்சிகளுக்குச் சொல்லிவிடலாம். அரளிச்செடியில் வளரும் பச்சைப் பருந்து அந்துப்பூச்சியான டாஃப்னிஸ் நெரீ, பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகளைப் போன்ற பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பட்டைகளைக் கொண்டது. ஓரளவு தெளிவான படம் இருந்தாலே அதை அடையாளம் காணலாம். வெளிர்பச்சை உடலும் பின்னிறக்கையில் நீண்ட வால்களும் கொண்ட நிலவு அந்துப்பூச்சி ஆக்டியாஸ் செலீனுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சிச் சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை விரல்நகத்தைவிடச் சற்றே பெரியவை; பழுப்பு, சாம்பல், மங்கிய மஞ்சள் என ஒன்றைப் போலவே ஒன்று தோன்றுபவை. அத்தகைய பூச்சியின் படத்தைப் பார்ப்பவர் குடும்பத்தை உறுதியாகச் சொல்லலாம். நெருங்கிய சிற்றினங்கள் அடங்கிய தொகுதியான பேரினத்தைப் பல வேளைகளில் சொல்லலாம். சிற்றினப் பெயரைச் சொல்வதற்கு முன்னர், அதைப் போன்ற மற்ற சிற்றினங்களை எந்த அடையாளத்தைக் கொண்டு விலக்கினோம் என்பதைத் தாமே தமக்குச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்ல இயலாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை. "இது யூடோசிமா பேரினத்தைச் சேர்ந்தது, சிற்றினம் தெளிவில்லை" என்ற பதிலைப் பலர் அரைகுறைப் பதிலாகக் கருதுகிறார்கள். என் மதிப்பீட்டில், துணிந்து சொல்லப்பட்ட தவறான முழுப்பெயரைக் காட்டிலும் அதற்கே பயன் அதிகம்.

நான் பார்த்தது அந்துப்பூச்சியா, வண்ணத்துப்பூச்சியா?

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது தீக்குச்சி முனையைப் போலத் தடித்திருக்கும். துள்ளிகள் என்னும் வண்ணத்துப்பூச்சி வகையில் அந்த நுனி கொக்கி போல வளைந்திருக்கும். அந்துப்பூச்சிகளுக்கு அது நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். விதிவிலக்குகள் இருந்தாலும் நம் ஊர்ப் படங்களில் பத்துக்கு ஒன்பது முறை இந்த ஒரு சோதனையே போதும். மங்கலான நிறம், இரவில் விளக்குக்கு வருவது ஆகியவற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. காய்ந்த இலையைப் போன்ற மெலனைட்டிஸ் லீடா என்ற வண்ணத்துப்பூச்சி அந்தி வேளையில் பறந்து வீட்டு விளக்கருகே வந்து அமரும். அந்துப்பூச்சி என்று அனுப்பப்படும் படங்களில் அதுவும் அடிக்கடி இருக்கும். மறுபக்கம், கண்ணாடி போன்ற இறக்கையும் குளவியைப் போன்ற உடலும் கொண்ட அமாட்டா பேரினத்து அந்துப்பூச்சிகள் பட்டப்பகலில் புல்வெளியில் பறந்து திரிகின்றன.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். "அந்து" என்பது நம் வீடுகளில் முதலில் குதிரிலும் மூட்டையிலும் நெல்லைக் குடையும் சிறு பூச்சிக்கு வழங்கிய பெயர். விளக்கில் வந்து விழுவதை மக்கள் விட்டில் என்றே சொன்னார்கள். இன்று இக்குலம் முழுவதையும் அந்துப்பூச்சி என்று எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டதால் இங்கும் அவ்வாறே எழுதப்படுகிறது.

எத்தகைய படங்களை எடுக்க வேண்டும்?

முதற்படம் பூச்சிக்கு நேர் மேலிருந்து, படக்கருவியின் முகம் இறக்கைக்கு இணையாக இருக்கும்படி எடுக்கப்பட வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் இறக்கையின் வடிவம் குறுகிவிடும், நேர்க்கோடு வளைவாகத் தோன்றும், வட்டப்புள்ளி நீள்வட்டமாகிவிடும். சுவரில் அமர்ந்த பூச்சியைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்த படங்கள் பெரும்பாலும் இதனாலேயே வீணாகின்றன. இரண்டாவது, பக்கவாட்டுப் படம்: தலைக்கு முன் நீளும் உணர்முளைகளின் நீளமும் வளைவும், நெஞ்சுப்பகுதியில் கொண்டை போல நிற்கும் செதில் கற்றைகளும், கால்களின் நிறமும் அதில்தான் தெரியும். மூன்றாவது, முகத்தின் நெருக்கப் படம். பூச்சி கண்ணாடிச் சன்னலில் அமர்ந்திருந்தால் அது நமக்கு வாய்த்த நற்பேறு. மறுபுறம் சென்று அடிப்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள்.

முதலில் தொலைவிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு படிப்படியாக நெருங்க வேண்டும். பூச்சி பறந்துவிட்டாலும் ஏதோ ஒரு படம் மிஞ்சும். பல கோணங்களில் எடுத்த படங்கள் ஒரே பூச்சியினுடையவை என்பதையும் குறித்து வைக்க வேண்டும். ஒரே சுவரில் அருகருகே இருந்த இரண்டு பூச்சிகளின் படங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பியதால் நேர்ந்த குழப்பங்களை அவிழ்க்க நான் செலவிட்ட மாலைகள் பல.

இவற்றோடு நாள், ஊர், ஏறத்தாழ உயரம், அருகிலிருந்த செடிகள் ஆகிய நான்கும் தேவை. கொடைக்கானலில் எடுத்த படத்தையும் தூத்துக்குடியில் எடுத்த படத்தையும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது.

அளவை எப்படிக் குறிப்பது?

பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ பூச்சி அமர்ந்திருக்கும் அதே தளத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். நூல்களில் காணப்படும் இறக்கை விரிவு என்பது ஊசி குத்தி விரித்து வைத்த மாதிரியின் அளவு. உயிரோடு அமர்ந்திருக்கும் பூச்சி அவ்வாறு இறக்கையை விரிப்பதில்லை. ஆகையால் முன்னிறக்கையின் அடியிலிருந்து நுனி வரையுள்ள நீளத்தைக் குறிப்பது நம்பகமானது.

இறக்கையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். பழகியவர்கள் கோடுகள் செல்லும் வழியைப் பார்க்கிறார்கள். நிறம் பூச்சிக்குப் பூச்சி மாறும், வயதாக ஆக மங்கும், விளக்கின் தன்மைக்கேற்ப ஏமாற்றும். கோடுகளும் புள்ளிகளும் அமைந்திருக்கும் இடம் அவ்வளவு எளிதில் மாறாது.

முன்னிறக்கையை உடலை ஒட்டிய அடிப்பகுதி, நடுப்பகுதி, வெளிப்பகுதி என மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியையும் நடுப்பகுதியையும் பிரிப்பது உள்வரி. நடுப்பகுதியையும் வெளிப்பகுதியையும் பிரிப்பது வெளிவரி. அதற்கும் ஓரத்துக்கும் இடையே, பெரும்பாலும் வெளிர்நிறத்தில் நெளிந்து ஓடுவது ஓரவரி. நாக்டுயிடே குடும்பத்துப் பூச்சிகளில் நடுப்பகுதிக்குள் இரண்டு குறிகள் இருக்கும்: உடலுக்கு அருகில் இருப்பது வட்டமான வளையப்புள்ளி, வெளிவரிக்கு அருகில் இருப்பது அவரை விதை வடிவிலான சிறுநீரகப்புள்ளி. இவ்விரண்டும் பிரிந்திருக்கின்றனவா, தொட்டுக்கொள்கின்றனவா, வளையப்புள்ளி வட்டமா அல்லது சாய்ந்து நீண்டிருக்கிறதா என்பவை பேரினங்களையும் சில வேளைகளில் சிற்றினங்களையுமே பிரித்துக் காட்டிவிடும். வெளிவரி இறக்கையின் முன்விளிம்பான முன்னோரத்திலிருந்து புறப்பட்டு நேராக இறங்குகிறதா, நடுவில் வெளிப்புறமாகப் புடைக்கிறதா, கீழே வந்ததும் உட்புறமாக மடங்குகிறதா என்று விரலால் தொடர்ந்து செல்வது போலக் கண்ணால் தொடர வேண்டும்.

அத்தி, ஆல், அரசு ஆகியவற்றின் இலைகளைத் தின்று வளரும் அசோட்டா பேரினம் இதற்கு நல்ல பயிற்சி. அசோட்டா கேரிக்கே, அசோட்டா ஃபைகஸ் இரண்டுக்கும் பழுப்பு முன்னிறக்கை. இரண்டுக்கும் அடிப்பகுதியில் கரும்புள்ளிகள் கொண்ட மஞ்சள் திட்டு. இரண்டுக்கும் மஞ்சள் பின்னிறக்கை. நிறத்தை வைத்துப் பார்ப்பவருக்கு இவை ஒன்றே. ஆனால் கேரிக்கேயின் முன்னிறக்கை நடுவில் ஒரு தனி வெள்ளைப்புள்ளி நிற்கும். ஃபைகஸில் அடித்திட்டிலிருந்தே நரம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கீற்று நீண்டு செல்லும். இதைத் தெரிந்துகொண்டபின் இவற்றை யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

விளக்கொளியில் எடுத்த படத்தின் நிறத்தை நம்பலாமா?

நம்பக் கூடாது. புறஊதா விளக்கின் கீழ், பூச்சிகள் வந்து அமர்வதற்காகத் தொங்கவிடும் வெள்ளைத்துணி நீலமாகவும் பூச்சி ஊதாவாகவும் பதிவாகும். பழைய மஞ்சள் குண்டுவிளக்கின் கீழ் சாம்பல்நிறம் பழுப்பாகிவிடும். துணியின் ஒரு பகுதி படத்தில் தெரிந்தால் அதை வெண்மையாகக் கொண்டு நிறத்தைத் திருத்திப் பார்க்க முடியும். அதற்காகவே பூச்சியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாமல் முழுப்படத்தையும் அனுப்பக் கேட்கிறோம்.

உட்கார்ந்திருக்கும் விதத்திலிருந்து ஏதேனும் தெரியுமா?

குடும்பத்தைக் கண்டறிய இதைவிட விரைவான வழி இல்லை. நான்கு இறக்கைகளையும் சுவரோடு ஒட்டவைத்தாற்போல் விரித்து, வரிகள் முன்னிறக்கையிலிருந்து பின்னிறக்கைக்குத் தொடர்ந்து ஓடினால் அது பெரும்பாலும் ஜியோமெட்ரிடே; இதன் புழு உடலை வளைத்து முழம் போட்டு நடக்கும். ஒடுங்கிய நீள இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்து, போர்விமானம் போல அமர்ந்திருந்தால் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பமான ஸ்பிஞ்ஜிடே. ஓட்டுக்கூரை போல இறக்கைகளைச் சரித்து மூடியிருந்தால் நாக்டுயிடேயாகவோ அதன் உறவுக் குடும்பங்களாகவோ இருக்கலாம். குச்சியைக் குறுக்கே வைத்தாற்போல் ஒல்லியான இறக்கைகளை இருபுறமும் நீட்டியிருந்தால் டெரொஃபோரிடே. இதைப் பூச்சி என்றே உணராமல் துடைத்துத் தள்ளிவிடுபவர்கள் உண்டு.

முன்னிறக்கை பின்னிறக்கையை மறைத்துவிட்டது. அதனால் என்ன இழப்பு?

பழச்சாறு உறிஞ்சும் யூடோசிமாவைப் பற்றி எண்ணிப் பாருங்கள். நாரத்தையிலும் மாதுளையிலும் இரவில் துளையிட்டுச் சாறு குடிக்கும் இப்பூச்சி அமர்ந்துவிட்டால் ஒரு காய்ந்த இலை, அவ்வளவுதான். பறக்க எழும்போதுதான் செம்மஞ்சள் பின்னிறக்கை தெரியும். அதன் நடுவில் வளைந்த தடித்த கருங்குறி இருந்தால் யூடோசிமா ஃபலோனியாவைக் கருதலாம். தனித்த வட்டக் கரும்புள்ளி இருந்தால் அது யூடோசிமா மட்டெர்னா. முன்னிறக்கையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வது கடினம். அதிலும் இப்பேரினத்தில் ஆணின் முன்னிறக்கையும் பெண்ணின் முன்னிறக்கையும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மண்டையோட்டுக் குறியுள்ள அகெரோன்ஷியாவுக்கும் இதுவே நிலை. முதுகிலுள்ள மண்டையோடு அனைவரையும் கவர்வதால் அதை மட்டுமே நெருக்கமாக எடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் நம் பகுதியின் இரு சிற்றினங்களுக்கும் அந்தக் குறி உண்டு. பின்னிறக்கையின் அடிப்பகுதி மஞ்சளாக இருந்து, அதன்மேல் இரு கரும்பட்டைகள் ஓடினால் அது அகெரோன்ஷியா ஸ்டிக்ஸ். அடிப்பகுதியே கருத்திருந்தால் அகெரோன்ஷியா லாகெசிஸ். எள் வயலில் காணப்படும் பெரிய கொம்புப் புழு ஸ்டிக்ஸின் குழந்தை.

அப்படியானால் பூச்சியைத் தொட்டு இறக்கையைத் தள்ளிப் பார்க்கலாமா?

மெல்லிய புல்தண்டால் முன்னிறக்கையின் முன்னோரத்தை மெதுவாகத் தீண்டினால் பல பூச்சிகள் தாமே இறக்கையை விரித்து மிரட்டிக் காட்டும். அந்த நொடிக்குப் படக்கருவி அணியமாக இருக்க வேண்டும். விரலால் பிடித்தால் செதில்கள் உதிர்ந்து, நாம் தேடும் குறியே அழிந்துவிடும். செதில்தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லப்படுவது அச்சமே தவிர உண்மையன்று. ஆயினும் லைமன்ட்ரினே துணைக்குடும்பத்தின் சில மஞ்சள் பூச்சிகளுக்கு வாலிலும் அரிப்பூட்டும் மயிர்கள் உண்டு; அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆணும் பெண்ணும் வேறுபட்டால் எவ்வாறு ஒன்றெனச் சொல்வது?

உணர்கொம்பு இறகு போல அகன்றிருந்தால் பெரும்பாலும் ஆண். பெண் வெளிவிடும் மணத்தை இருளில் தொலைவிலிருந்து உணர்வதற்காக அமைந்த பரப்பு அது. ஆயினும் இரு பாலுக்கும் நூல் போன்ற உணர்கொம்பே உள்ள குடும்பங்களும் பல.

நெல்வயலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. தண்டுத் துளைப்பானான ஸ்கிர்போஃபாகா இன்செர்ட்டுலாஸின் பெண், வைக்கோல் மஞ்சள் நிறத்தில், ஒவ்வொரு முன்னிறக்கையிலும் ஒரே ஒரு தெளிவான கரும்புள்ளியோடு இருக்கும்; ஆண் சிறியது, பழுப்பு நிறமானது, அந்தப் புள்ளி மங்கியது. படைப்புழுவின் பூச்சியில் இது தலைகீழ்: மக்காச்சோளத்தைத் தாக்கும் ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டாவின் ஆணுக்கு முன்னிறக்கை நுனியில் வெள்ளைத் திட்டும், சாய்ந்த வளையப்புள்ளியும் தெளிவாக இருக்கும், பெண்ணோ அடையாளமற்ற சாம்பல் பழுப்பு. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இப்பூச்சி 2018-இல் கர்நாடகத்தில் முதலில் அறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களுக்கும் வந்தது. அதன் பெண்ணின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் உறுதி கூறக் கூடாது. மாறாக, புழுவின் படம் இருந்தால் ஐயமே இல்லை: தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து வடிவக் கோடு, வால்பக்கத்தில், வயிற்றுப்பகுதியின் எட்டாம் வளையத்தில் சதுரமாக நிற்கும் நான்கு கரும்புள்ளிகள்.

செயலி ஒரு பெயரைச் சொல்கிறது. அதை ஏற்கலாமா?

தொடக்கக் குறிப்பாக ஏற்கலாம்; விடையாக ஏற்கக் கூடாது. படங்களை ஒப்பிடும் செயலி, தான் மிகுதியாகப் பார்த்துப் பழகிய பூச்சியின் பெயரையே சொல்லும். உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட சிற்றினங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவை. எனவே கோயம்புத்தூர் மாடியில் எடுத்த பூச்சிக்கு இங்கிலாந்துப் பெயர் வருவது வியப்பன்று. பெயர் வந்ததும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அந்தச் சிற்றினம் நம் பகுதியில் இருக்கிறதா என்பது.

இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு அட்லஸ் அந்துப்பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இரு கை அகலத்துக்குச் செம்பழுப்பு இறக்கை விரித்து, முக்கோண வடிவக் கண்ணாடிச் சன்னல்களும் பாம்புத்தலை போன்ற இறக்கை நுனிகளும் கொண்ட பூச்சி ஒன்று வீட்டுச் சுவரில் அமர்ந்தால், அது செய்தியாகிவிடுகிறது. செயலியும் செய்தியும் அதை அட்டாகஸ் அட்லஸ் என்கின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அட்டாகஸ் டாப்ரோபானிஸ் என்ற தனிச் சிற்றினம். இலங்கையின் பழைய பெயரான தாப்ரொபானேயே அதன் பெயரில் இருக்கிறது. அட்லஸ் இமயமலை அடிவாரத்துக்கும் வடகிழக்குக்கும் அதற்கப்பால் தென்கிழக்கு ஆசியாவுக்கும் உரியது. இங்கே வேறுபாட்டை உணர்த்துவது படமன்று, படத்தோடு எழுதப்பட்ட ஊர்ப்பெயர்.

பகலில் பூவுக்குப் பூ நின்று பறக்கும் சிறு பறவையைப் படமெடுத்தேன். ரீங்காரச்சிட்டா?

ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. நீங்கள் கண்டது மேக்ரோகுளோசம் பேரினத்துப் பருந்து அந்துப்பூச்சியாகவோ, இறக்கை கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் செஃபனோடெஸ் ஹைலாஸாகவோ இருக்கும். கூட்டிலிருந்து வெளிவரும்போது ஹைலாஸின் இறக்கையிலும் சாம்பல்நிறச் செதில்கள் இருக்கும். முதற்பறப்பிலேயே அவை உதிர்ந்துவிடும். மேக்ரோகுளோசம் சிற்றினங்களைப் பறக்கும் நிலையில் எடுத்த மங்கிய படத்தைக் கொண்டு பிரிக்க முயல வேண்டாம்.

செதில் உதிர்ந்து வெளுத்த பூச்சியை என்ன செய்வது?

வரிகள் போனாலும் இறக்கையின் வெளிவடிவமும் நரம்புகளும் எஞ்சும். பச்சை நிறப் பூச்சிகள் வெளுத்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள்.

விளக்குப்பொறியில் விழுந்த கம்பளிப்புழுப் பூச்சிகளைப் பிரிக்க எளிய வழி உண்டா?

உண்டு. மானாவாரி நிலக்கடலையில் மழை பெய்ததும் மண்ணிலிருந்து கூட்டங்கூட்டமாக எழும் சிவப்புக் கம்பளிப்புழுப் பூச்சிகள் இரண்டு. வெள்ளை முன்னிறக்கையில் பழுப்புக் கீற்றுகள் இரண்டுக்கும் பொது. முன்னோர விளிம்பில் ஓடும் கோடு மஞ்சளானால் அம்சாக்டா அல்பிஸ்ட்ரிகா, சிவப்பானால் அம்சாக்டா மூரெய். பொறியில் நசுங்கிய பூச்சியில்கூட அந்த விளிம்பு பிழைத்திருக்கும் என்பதால் இதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

எந்தப் பூச்சியை எவ்வளவு நல்ல படத்தாலும் பிரிக்க முடியாது?

இறக்கையில் வேறுபாடே இல்லாமல் இனப்பெருக்க உறுப்பில் மட்டும் வேறுபடும் சிற்றினங்கள் ஏராளம். வெண்ணிற இறக்கையில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளியிட்ட யூட்டெதெய்சா, கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றிப் பகலிலும் பறக்கும் அழகிய பூச்சி. ஆனால் அதன் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க ஆண்பூச்சியின் உடலைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அமாட்டா பேரினத்திலும் கண்ணாடித் திட்டுகளின் எண்ணிக்கை ஒரே சிற்றினத்துக்குள் மாறுவதால் மேலோட்டமான ஒப்பீடு வழிதவறச் செய்யும். இவற்றுக்கு ஆய்வகத்தில் உடற்கூறு ஆய்வோ, சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் 658 எழுத்துகள் நீளமுள்ள பகுதியை ஒப்பிடும் பட்டைக்குறியீட்டு முறையோ வேண்டும்.

பழைய நூல்களில் தேடினால் இன்றைய பெயர் கிடைப்பதில்லையே?

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன் அம்மலையின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891-இல் ஒரு தொகுதி வெளியிட்டார். பின்னர் 1892 முதல் 1896 வரை பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் விவரித்தார். அவருடைய விவரிப்புகள் இன்றும் பயன்படுகின்றன; பேரினப் பெயர்கள் பல மாறிவிட்டன. அவர் ஒஃபிடெரெஸ் என்றது இன்று யூடோசிமா, ஹிப்ஸா என்றது அசோட்டா. வெட்டுப்புழுவான ஸ்போடாப்டெரா லிட்டூராவை நம் உழவர்கள் இன்றும் "புரோடீனியா" என்று சொல்வது அதன் பழைய பேரினப் பெயர்தான். நூல்கள் கைவிட்ட பெயரை வயல் காத்து வருகிறது. எனவே பழைய நூலில் பூச்சியைக் கண்டுபிடித்தால் சிற்றினப் பெயரைக் குறித்துக்கொண்டு, அது இன்று எந்தப் பேரினத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது என்று தேடுங்கள். ஈறு சற்று மாறியிருந்தாலும் அந்தச் சொல் பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

புழுவின் படம் மட்டுமே இருக்கிறது. பயன்படுமா?

எந்தச் செடியில் இருந்தது என்று எழுதினால் மிகவும் பயன்படும். அரளியிலோ நந்தியாவட்டையிலோ தலைப்பக்கம் இரு நீலவெண் கண்குறிகளும் வாலில் குட்டைக் கொம்பும் கொண்ட பச்சைப்புழு டாஃப்னிஸ் நெரீ. ஆமணக்கில் முழம் போட்டு நடப்பது பெரும்பாலும் அக்கேயா ஜனாட்டா, உழவர்கள் சொல்லும் காவடிப்புழு. சீந்தில்கொடியில் பக்கவாட்டில் கண்குறிகளோடு வளைந்து நிற்பது யூடோசிமா. செடியின் பெயர் தெரியாவிட்டால் அதன் இலையையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். புழுவை எடுத்துச் சென்று அதே இலையைக் கொடுத்து வளர்க்க இயலுமானால், கூட்டுப்புழுவாகி வெளிவரும் நாளில் இறக்கை காயும் வரை காத்திருந்து, ஒரு செதிலும் உதிராத பூச்சியைப் பின்னிறக்கையோடு படமெடுத்துவிட்டு அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.